மூன்று வெளிச்சம், ஒரு படம்

என்னிடம் முதன்முதலாகக் காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர் ஏமாந்த முகத்தோடுதான் எழுந்து போனார். பெங்களூர் பீன்யாவில் நான் வேலை பார்த்த பட்டறையில் அவர் வெல்டர். ஊருக்கு அனுப்ப ஒரு போட்டோ வேண்டும் என்றார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, சட்டையை உள்ளே விட்டு, ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் ஒரு தடவை அமுக்கினேன். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. முடிந்தது என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்ளோதானா? இதுக்கா இருவது ரூபா?”

படம் நன்றாகத்தான் வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோதும் அவருக்குக் குறை தீரவில்லை. முடி வெட்டுகிறவன்கூட அரை மணி நேரம் உட்கார வைக்கிறான், இவன் கண்ணை மூடித் திறப்பதற்குள் காசு வாங்கிவிடுகிறான் என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். எனக்கு அப்போது பதினேழு வயது. இன்றைக்கு இதே பெங்களூரில் எனக்கு இரண்டு ஸ்டுடியோ இருக்கிறது. என்னை நம்பி ஒன்பது குடும்பம் சாப்பிடுகிறது. நான் கிடைக்க வேண்டும் என்று முகூர்த்தத் தேதியையே மாற்றியவர்கள் உண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய், பெருமைக்குத்தான் சொல்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கேமராவின் மேல் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளைப் படிக்கத் தெரியாமல், அவற்றையும் ஒரு படம் மாதிரியே ஞாபகம் வைத்துக்கொண்டவன்.

இப்போது பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். ஆட்களைப் படம் எடுத்துக் காசு வாங்கப் போகிறோம், எவ்வளவு கேட்கலாம், எந்த லென்ஸ் வாங்கலாம் என்கிறார்கள். லென்ஸைக் கடைக்காரன் சொல்வான். எவ்வளவு கேட்பது என்பதை வயிறு சொல்லும். என்னிடம் இருப்பது அந்த வருஷம் எனக்கு நடந்த ஒரு கதைதான். நின்று கேட்கிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சொல்வேன். பாதிப் பேர் டீயோடு போய்விடுவார்கள்.

எங்கள் வீடு ஒக்கலிபுரத்தில். காலையில் பஸ் பிடித்துப் பீன்யா போய், நாளெல்லாம் இரும்புத் துண்டுகளில் பிசிறு நீக்கிக்கொண்டிருப்பேன். கேமராவை எங்கள் பட்டறை ஸ்டோர்காரரிடம் தவணையில் வாங்கினேன். பழசு. ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் ஃபிலிமைத் தள்ளிச் சுற்ற வேண்டும். கூடவே ஒரு ஃப்ளாஷ், பென்சில் செல் நாலு போடுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நீலப் பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளுக்குப் போய்விடுவேன். அங்கே இருந்தவர்கள் முக்கால்வாசி நம் ஊர்க்காரர்கள். திருவண்ணாமலை, தருமபுரி, ஆற்காடு பக்கத்துச் சனங்கள். துணி காயப்போடும் கம்பியில் பெட்ஷீட்டைக் கட்டி, பக்கத்து டீக்கடையில் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கிப் போட்டால் அதுதான் என் ஸ்டுடியோ.

வெல்டர் செய்த பிரசாரத்தில் இரண்டு வாரம் யாருமே வந்து உட்காரவில்லை. நான் உட்கார்ந்து யோசித்தேன். அவர் கேட்டது நல்ல படம் இல்லை. அது அவருக்குக் கிடைத்துவிட்டது. கொடுத்த காசுக்கு வேலை நடந்த மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அதற்காக ஒரு ஆளுக்கு மூன்று படம் எடுத்தால் ஃபிலிம் செலவில் நான் அழிந்தேன். அப்போதுதான் ஃப்ளாஷின் முதுகில் இருந்த சின்ன பட்டன் என் கண்ணில் பட்டது. அதை அமுக்கினால் கேமரா வேலை செய்யாது, வெளிச்சம் மட்டும் அடிக்கும். செல்லில் சத்து இருக்கிறதா என்று பார்க்க வைத்த பட்டன் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னிடம் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் மூன்று வெளிச்சம். முதல் இரண்டும் வெறும் பட்டன். கேமரா சத்தத்துக்குப் பதிலாக நாக்கால் ஒரு ‘டொக்’ சத்தம் போடுவேன். மூன்றாவதுதான் நிஜம். நடுவில் ‘தாடையைக் கொஞ்சம் எறக்குங்க’, ‘தோளை விடுங்க’ என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். சனங்களுக்குத் திருப்தி என்றால் அப்படி ஒரு திருப்தி. இதில் இன்னொரு லாபமும் இருந்தது. முதல் வெளிச்சத்தில் எல்லோரும் விறைத்துப் போவார்கள். மூன்றாவதற்குள் உடம்பு தளர்ந்துவிடும். உலகத்தில் இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று நினைத்து எவ்வளவோ நாள் கர்வத்தோடு இருந்தேன். பெங்களூரில் இருந்த கல்யாண போட்டோக்காரர்கள் அத்தனை பேரும், எடுக்கச் சொல்லித் தொல்லை செய்கிற சொந்தக்காரர்களுக்கு இந்தக் காலி வெளிச்சத்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. இருந்தாலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதையும் குறித்து வைக்கிறேன்.

ஆயுத பூஜை முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா வந்தார். கார்மெண்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைக்கிறவர். வயது முப்பது தாண்டியிருக்கும். அப்பா இல்லை. தங்கைக்குக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டுத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர் என்று லைன் வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அவருடைய அம்மா என் கையில் காசைக் கொடுத்து, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற போட்டோ, அடக்கமாக எடு என்று சொல்லிவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விட்டார்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். பச்சைப் புடவை, தலையில் கனகாம்பரம். நான் முதல் வெளிச்சத்துக்குத் தயாரானபோது பின்னால் இருந்து டீக்கடைக்காரர் குரல் கொடுத்தார்.

“மகாராணி பட்டாபிஷேகம் முடிஞ்சா என் ஸ்டூலக் குடுங்கப்பா. அங்க கஸ்டமரு நின்னுகினே டீ குடிக்கிறான்.”

அக்கா சிரித்துவிட்டார். வாய்விட்டு, கண் சுருங்க, முகமே வேறு ஆளாக மாறிய மாதிரி ஒரு சிரிப்பு. என் கட்டைவிரல் அந்த நொடியில் ஃப்ளாஷ் பட்டனில் இருந்தது. பழக்க தோஷத்தில் அமுக்கிவிட்டேன். வெளிச்சம் அந்தச் சிரிப்பின் மேல் பளிச்சென்று விழுந்து அணைந்தது. ஃபிலிமில் ஒன்றும் இல்லை. அடுத்த வெளிச்சத்தில் அவர் உதட்டை மூடினார். மூன்றாவதில் சூப்பர்வைசர் முன்னால் நிற்கிற முகம் வந்துவிட்டது. அதைத்தான் எடுத்தேன். இன்னொன்று எடுத்திருக்கலாம். ஃபிலிம் போகுமே என்று எடுக்கவில்லை.

புதன்கிழமை படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா கவரைத் திறந்து பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். கவருக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

“தம்பி, நான் சிரிச்சேனே, அந்தப் போட்டா எங்க?”

 அது ஃபிலிம் கழுவுகிற லேபில் கெட்டுப் போய்விட்டது என்று சொன்னேன். வாயில் முதலில் வந்த பொய் அதுதான். அக்கா படத்தைக் கவருக்குள் போட்டுக்கொண்டார். தப்பித்தோம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

பதினேழு வயதில் எனக்குத் தெரியாத ஒரு விஷயம், கவரின் மேல் லேபின் விலாசம் அச்சடித்திருக்கும் என்பது. தெரியாது என்றால், கண்ணில் தினமும் படும், இங்கிலீஷ் என்பதால் படிக்கத் தெரியாது. அக்காவுக்குப் படிக்கத் தெரியும். மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு ராஜாஜி நகரில் இருந்த அந்த லேபுக்கே போய்விட்டார். மறு பிரதி போட வேண்டியிருந்ததால் நெகட்டிவை நான் அங்கேயே விட்டிருந்தேன். லேப்காரர் கன்னடக்காரர், தங்கமான மனுஷர். நெகட்டிவை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார். அக்காவுக்கு முன்னால் ஒரு ஃபிட்டர், அக்காவுக்குப் பின்னால் ஒரு குழந்தை, நடுவில் அக்கா ஒரே ஒரு தடவை. கெட்டுப் போனதும் இல்லை, விட்டுப் போனதும் இல்லை. “ஏனம்மா, பையன் சுள்ளு சொல்லியிருக்கான்” என்றாராம். சுள்ளு என்றால் பொய். அதைப் பெங்களூரில் எவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்து வெளியே வந்தால், பட்டறை கேட்டில் அக்கா நிற்கிறார். அவர் மட்டுமா? அந்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் படம் எடுத்துக்கொண்டவர்களில் ஏழெட்டுப் பேர் கூட நிற்கிறார்கள். அந்த ஃபிட்டர் முன்னால் வந்தார். மூன்று தடவை அடித்தாயே, மீதி இரண்டு எங்கே என்று கேட்டார். எல்லோரும் தங்கள் தங்கள் மீதியைக் கேட்டார்கள். நானே எண்ணிக் கொடுத்த வெளிச்சத்தை அவர்களும் எண்ணி வைத்திருந்தார்கள். எங்கள் வெல்டர் கேட்டுக்குள்ளிருந்து டிபன் பாக்ஸோடு வந்து நின்று, தனக்கு அடித்த ஒன்றையாவது ஒழுங்காக அடித்தான் என்று எனக்குச் சாட்சி சொன்னார். அது எனக்கு உதவவில்லை.

வேறு வழியில்லை. உள்ளதைச் சொன்னேன். முதல் இரண்டும் காலி, உங்களுக்குத் திருப்தியாக இருக்கட்டும் என்று அடித்தேன் என்றேன். அக்காவிடம் காசைத் திருப்பித் தருகிறேன் என்று பையில் கை விட்டேன்.

“காசு யாருக்குடா வேணும்?” என்றார் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. “இதே மூஞ்சிய மூணு தடவ அனுப்பிச்சாச்சு. மூணு தடவையும் போட்டா திரும்பி வந்துச்சு. ஞாயித்துக்கெழம காத்தால பஸ்ஸுக்கு எந்தங்கச்சி வூட்டுக்காரரு போளூரு போறாரு. இந்தத் தடவ நான் சிரிச்சத அனுப்பலாம்னு இருந்தேன்.”

பட்டறையில் திட்டு வாங்கியிருக்கிறேன், அடியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த நாலு வரிக்கு நின்ற மாதிரி எங்கும் தலை குனிந்து நின்றதில்லை. நான் மிச்சம் பிடித்தது ஒரு துண்டு ஃபிலிம். அவருக்குப் போனது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. சாயங்காலம் வருகிறேன், வேண்டிய மட்டும் எடுக்கிறேன் என்றேன். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு படம்.

ஐந்தரை மணிக்கு லைன் வீடு முழுக்கக் கூடிவிட்டது. புது ரோல் போட்டேன். அதே பெட்ஷீட், அதே இடம், பச்சைப் புடவை. ஆனால் சுற்றி நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் சேர்ந்து குரல் கொடுத்து எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏலம் போகிற மாதிரி இருந்தது. அக்கா சிரிக்க முயன்றார். முயன்று சிரிக்கிற சிரிப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்; உதடு மட்டும் அகலமாகும், கண் பயந்துகொண்டிருக்கும். ஏழு, எட்டு. எனக்குத் தெரிந்த ஜோக்கெல்லாம் சொன்னேன். பதினொன்று. ரேஷன் கார்டு முகம் போகவே மாட்டேன் என்கிறது. பன்னிரண்டாவதில் அவரே எழுந்துவிட்டார்.

“வுடு தம்பி. வரலன்னா வரல.”

 இனிமேல் எடுக்கத் தெரியாது என்று கேமராவைக் கீழே இறக்கினேன். அக்கா பக்கத்தில் வந்து, இதில் எப்படித்தான் ஏமாற்றினாய், காட்டு என்று கேட்டார். ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்துப் பட்டனைக் காட்டினேன். அக்கா அதை ஆசையாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, எதிரில் நின்ற ஃபிட்டரின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

ஃபிட்டருக்கு எல்லாம் தெரியும். மத்தியானம் கேட்டில் நின்று சண்டை போட்டவரே அவர்தான். அக்காவின் கையில் கேமராகூட இல்லை, வெறும் ஃப்ளாஷ். இருந்தும் மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? சட்டென்று நிமிர்ந்து, நெஞ்சை விரித்து, இரண்டு பக்கமும் மீசையை நீவிவிட்டுக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று கொடுத்தார். வெளிச்சம் அடித்தது. அடித்த பிறகும் நாலு நொடி அப்படியே நின்றார்.

லைன் வீடே வெடித்துச் சிரித்தது. அக்கா ஃப்ளாஷை மார்போடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். கேமரா என் கையில். ஃப்ளாஷ் அவர் கையில். ஃப்ளாஷ் இல்லாமல் ஆளைப் படம் எடுத்து எனக்குப் பழக்கமே இல்லை. மழை பெய்து ஓய்ந்த வானம், வெயில் போய் வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்த நேரம். வெளிச்சம் கூடுதலாக உள்ளே வர லென்ஸின் வளையத்தைக் கடைசி வரைக்கும் திருப்பினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டேன், நாலு படம் எடுத்தேன். யாரும் எண்ணவில்லை. எடுத்தது யாருக்கும் தெரியவே இல்லை.

சனிக்கிழமை பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டு லேபில் காத்துக் கிடந்தேன். அந்த நாலில் இரண்டு ஆடிப் போயிருந்தது. ஒன்றில் அக்கா முகத்தைக் கையால் மறைத்திருந்தார். மிச்சம் ஒன்று. அதைக் கையில் வாங்கிய லேப்காரர், இது நீ எடுத்ததா என்று இரண்டு தடவை கேட்டார். என் வாழ்நாளில் எத்தனையோ பேர் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். மாலை போட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. ஃப்ளாஷ் முகத்தில் அறையாத, சாயங்கால வெளிச்சம் தானாக வந்து உட்கார்ந்த முகம். இன்றைக்கும் என் ஸ்டுடியோவில் ஆளை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய் அந்த நேரத்தில்தான் எடுக்கிறோம். படித்தவர்கள் அதற்கு என்னவோ பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் சாயங்காலம் அக்கா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தபோது வேறு வம்பு வந்தது. அக்காவின் அம்மா படத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார். முந்தின படமே போதும், அதில்தான் பெண் அடக்கமாக இருக்கிறாள் என்றார்.

“பல்லு தெரியுதுடி. பாக்கறவங்க என்னா நெனப்பாங்க?”

“இருக்கற பல்லுதானம்மா,” என்றார் அக்கா. “வூட்டுக்கு வந்து பாத்தா தெரியாமயா போவும்?”

அம்மா என் பக்கம் திரும்பி, நீயே சொல் தம்பி என்றார். காசு கொடுத்தவர் அவர். உட்கார்ந்தவர் அக்கா. பார்க்கப் போகிறவரோ போளூரில் இருக்கிறார். நான் யாருக்காகப் படம் எடுத்தேன்? இரண்டு படத்தையும் பாயின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் அப்படி இருந்த நேரங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் சிரிக்கிற படத்தை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்து, ‘இவ அப்பா மாதிரியே இருக்கா’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கவருக்குள் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் அது போனது.

அதே ஞாயிற்றுக்கிழமை, காலி வெளிச்சம் வாங்கிய எல்லோரையும் கூப்பிட்டு மறுபடி உட்கார வைத்தேன். ஆளுக்கு இன்னொரு படம், காசு இல்லாமல். ஒரு மாசம் சம்பாதித்தது அதிலேயே போயிற்று. போனது போனதுதான், ஆனால் அதற்கப்புறம் அந்த லைன் வீடுகளில் வேறு எந்த போட்டோக்காரனும் கால் வைக்க முடியவில்லை. உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன்: உங்களுக்கு இத்தனை எடுப்பேன், அதில் நீங்கள் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம், இந்தக் கிழமை கையில் கொடுப்பேன், இதற்கு இவ்வளவு. காசு கொஞ்சம் கூட்டித்தான் கேட்டேன். ஒருத்தரும் இவ்வளவுதானா என்று கேட்கவில்லை. என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். காசு வாங்குவதற்குக் கூச்சப்படாதே. என்ன கொடுக்கப் போகிறாய் என்பதை வாயால் சொல்லிவிட்டு வாங்கு. யார் பார்க்கப் போகிற படம் என்று கேட்டுவிட்டு எடு.

மூன்று வாரம் கழித்து, டீ நேரத்தில் அக்கா மறுபடி பட்டறை கேட்டுக்கு வந்தார்.  என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டே போனேன். போளூரிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அண்ணனும் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். மாப்பிள்ளை அங்கே அரிசி மில்லில் மெக்கானிக்காம். போட்டோவைத் திருப்பிக் கொடுங்கள் என்று அம்மா கேட்டதற்கு, அதை எங்கேயோ வைத்துவிட்டேன், தேட வேண்டும் என்று சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டே சொன்னாராம். தை மாசத்தில் கல்யாணம்.

நான் சிரித்தேன். வெல்டர் சிரித்தார். அக்கா மட்டும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

“கல்யாணத்துக்கு நீதான் போட்டா எடுக்கணும். ஆனா ரோல எங்க கண்ணெதிர்ல மாட்டணும்.”

மாட்டினேன். முகூர்த்தத்துக்கு முன்னால், பந்தலில், இரண்டு வீட்டார் முன்னிலையிலும் கேமராவின் முதுகைத் திறந்து, ரோலைக் காட்டி, பூசாரி தீபாராதனை காட்டுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே வைத்து மூடினேன். மாப்பிள்ளை வீட்டார் அது பெங்களூர் வழக்கம் போலிருக்கிறது என்று பயபக்தியோடு பார்த்தார்கள். பார்த்தவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் அதையே செய்யச் சொன்னார்கள். அப்புறம் யாரும் கேட்காமலே நானே செய்ய ஆரம்பித்தேன். எந்தக் கல்யாணமானாலும் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு அவர் கண் முன்னால்தான் ரோல் மாட்டுவேன். டிஜிட்டல் கேமரா வந்த பிறகுதான், திறந்து காட்ட உள்ளே ஒன்றும் இல்லாமல் போய், அந்தப் பழக்கம் நின்றது.